கடை மூடிய தேதி

அந்தத் தொழில்முனைவோர் கல்லூரியில் ஒருவரும் மாணவர் இல்லை. சேர்ந்த முதல் நாளே 'நிறுவனர்' என்று அச்சடித்த அட்டையை எல்லார் கழுத்திலும் மாட்டிவிட்டார்கள். எதை நிறுவினீர்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பாடம் நடத்துகிறவர்கள் பேராசிரியர்கள் இல்லை, 'உடன்பயணிகள்'. வகுப்பறைக்கு 'ஓடுதளம்' என்று பெயர். கழிப்பறைக்கு மட்டும் எப்படியோ கழிப்பறை என்றே பெயர் இருந்தது. அதனால் அதை மட்டும் எல்லாராலும் சட்டென்று கண்டுபிடிக்க முடிந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஜிப்புத் தம்பி வந்து சேர்ந்ததற்கு அவன் அக்காதான் காரணம். ஜிப்புத் தம்பி என்பது தெரு வைத்த பெயர். கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்கு அடியில் அக்கா ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். ஜிப்பு மாற்றுவாள், பட்டன் வைப்பாள், பேண்டின் நீளத்தைக் குறைப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள், பெருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் பதின்மூன்று வயதுத் தம்பியை வைத்துக்கொண்டு இருபது வயதில் அவள் தொடங்கிய கடை அது. பதினாலு வருஷமாக நடக்கிறது.

அக்காவுக்கு என்று ஒரு முறை உண்டு. வருகிற ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டுச் சீட்டைக் குத்துவாள். யாருது, என்ன பழுது, அவசரமா, அவசரமில்லையா. வாங்கிப்போக வராதவர்களின் துணிகள் சீட்டோடு பின்பக்கக் கம்பியில் தொங்கும். சிலது எட்டு வருஷமாகத் தொங்குகிறது. "வருவாங்க" என்பாள். நேர்முகத் தேர்வுக்கு அதிலிருந்து ஒரு கோட்டைப் போட்டுக்கொள்கிறேன் என்று தம்பி கேட்டதற்கு, "அது அடுத்தவங்களுதுடா" என்று சொல்லிவிட்டு, மூன்றே நாளில் புதுசாக ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

அந்தக் கோட்டோடு போய் உட்கார்ந்தவனை மூன்று பேர் விசாரித்தார்கள். நடுவில் இருந்தவர் இயக்குநர்.

"கடை ஓடுதா?"

"ஓடுதுங்க சார். பதினாலு வருஷமா."

"நடுவில எப்பவாவது மூடினீங்களா?"

"இல்லைங்க."

"பங்குதாரர் கூடச் சண்டை? கோர்ட்டு, கேஸு?"

"அதெல்லாம் இல்லைங்க சார். அக்கா ஒருத்திதான்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட சேதி சொல்லப்போகும் டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, உங்ககிட்ட தோல்வியே இல்லையே."

மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் தம்பி இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். பட்டம் வாங்குவதற்குள் அவன் பன்னிரண்டு தோல்விப் புள்ளிகள் சேர்த்துவிட வேண்டும்.

சேர்க்கை நாளன்று அக்கா கடையைப் பூட்டினாள். 'தம்பி கல்லூரியில் சேருகிறான், இன்று கடை இல்லை' என்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் குத்திவிட்டு, அவனோடு கல்லூரி வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை. அவன் படியேறித் திரும்பிப் பார்த்தபோது, அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். பதினாலு வருஷத்தில் கடை பூட்டியிருந்த நாள் அது ஒன்றுதான்.

இயக்குநரின் வரவேற்புரையை இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. "நான் இதுவரைக்கும் ஒரு பெட்டிக்கடைகூட வச்சதில்ல," என்று தொடங்கினார். பலத்த கைதட்டல். "அதனாலதான் எந்தத் தொழில் மேலயும் எனக்குப் பாரபட்சம் கிடையாது. ஜெயிச்சவன் ஒரு கடையைத்தான் நடத்துறான். தோத்தவன் அடுத்த கடைக்குத் தயாரா இருக்கான். நம்ம கல்லூரியில படிச்சவங்க ஆயிரத்து இருநூறு பேர். அத்தனை பேரும் இன்னிக்கும் தயாரா இருக்காங்க."

வகுப்பில் ரொம்ப மதிப்புள்ளவன் 'மூணுதரம்'. மூன்று தடவை தொழில் தொடங்கி மூன்றும் படுத்துவிட்டதால் அந்தப் பெயர். குடையை மறந்துவிட்டு வந்தவர்களுக்கு, மறந்துவிட்டீர்கள் என்று மறுநாள் தெரிவிக்கும் ஒரு செயலிதான் அவனுடைய மூன்றாவது தொழில். அது படுத்த அன்று கூடத்து மணியை அடித்தார்கள், எல்லாரும் எழுந்து நின்றார்கள், உடன்பயணி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் வருஷ முடிவில் மூணுதரத்துக்குப் பதினெட்டுப் புள்ளி, ஜிப்புத் தம்பிக்குப் பூஜ்யம்.

அவனும் சும்மா இருந்துவிடவில்லை. தோற்றே தீருவது என்று முடிவு பண்ணி, கல்லூரி நடைபாதையில் ஒரு மேஜை போட்டு ஊசி நூலோடு உட்கார்ந்தான். படித்தவர்கள் நடமாடுகிற இடத்தில் பட்டன் வைத்துக்கொள்ள யார் வரப்போகிறார்கள் என்று நம்பினான். முதல் நாளே பதினோரு பேர் வந்தார்கள். எல்லாருடைய பையிலும் ஜிப்பு பிய்ந்திருந்தது. கூலியை இரண்டு மடங்காக்கினான், அப்போதும் வந்தார்கள். தப்பும் தவறுமாகத் தைத்துக் கொடுத்தால் நின்றுவிடுவார்கள் என்று தோன்றியது. ஆனால் கை கேட்கவில்லை. கோணலாக ஒரு தையல் போட்டதும் விரல் தானாகவே பிரித்துவிட்டு நேராகப் போட்டது. மூன்றாவது வாரம் ஒழுங்குக் குழு அவனைக் கூப்பிட்டது.

"சந்தை ஆய்வு பண்ணினீங்களா?"

"இல்லைங்க மேடம். பிஞ்சிருந்தது, தைச்சேன்."

"வரைபடம்? வழிகாட்டி? ஒரு கருத்துக் கணிப்பு?"

"வரிசையில நின்னாங்க மேடம்."

யாரையும் கேட்காமல் வெற்றி பெற்ற குற்றத்துக்காக அவனுக்கு இரண்டு புள்ளி குறைத்தார்கள். ஆக மொத்தம் மைனஸ் இரண்டு. கல்லூரி வரலாற்றிலேயே முதல் தடவை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் வைத்தார்கள்.

அக்காவிடம் அவன் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளோ வருகிறவர்களிடமெல்லாம், "தம்பி தொழில் படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தொழில் என்று சொல்லும்போது மிஷினை ஒரு நொடி நிறுத்துவாள். இரண்டாம் வருஷம் முடியப் பத்து நாள் இருக்கும்போது, பட்டம் கிடைக்காது என்று எழுதிய கடிதம் அவன் சட்டைப்பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கதைப் பயிற்சியாளரிடம் போனான். ஒவ்வொரு நிறுவனருக்கும் மேடையில் சொல்வதற்கு ஒரு சோகக் கதை தயார் செய்து கொடுப்பது அந்த அம்மாவின் வேலை.

"உங்க குடும்பத்தில ஏதாவது தொழில் மூடியிருக்கா?"

"இல்லைங்க மேடம்."

"மூடுற மாதிரியாவது?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு மூடின கடை. பதினாலு புள்ளி நான் வாங்கித் தர்றேன். மைனஸெல்லாம் அடிபட்டுப் போயிடும்."

அவன் யோசித்தான். அந்த அம்மா ஒரு படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார். மூடிய தொழிலின் பெயர். மூடிய தேதி. மூடக் காரணமான தவறுகள், நான்குக்குக் குறையாமல். கதவில் சீட்டுக் குத்திக் கடை பூட்டியிருந்த அந்த ஒரு நாளின் தேதியை அவன் எழுதினான். அன்றைக்குக் கடை மூடித்தானே இருந்தது, முழுப் பொய் இல்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். எழுதிய கை வேர்த்துப்போய், மை கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

சோகக் கதை சொல்லும் விழாவும் பட்டமளிப்பும் ஒரே நாளில். முதலீட்டாளர்கள் இரண்டு தடவை வரமாட்டார்கள் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. பட்டமளிப்பு அங்கிகளுக்கு ஒரு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். அவர்கள் எல்லாருடைய உயரத்தையும் கூட்டி, வகுத்து, சராசரி உயரத்துக்கு அறுபத்திரண்டு அங்கிகள் தைத்து அனுப்பினார்கள். சராசரி உயரத்தில் கல்லூரியில் ஒருவரும் இல்லை. ஒத்திகையில் ஏழு பேர் தடுக்கி விழுந்தார்கள். யாரைக் கூப்பிடுவது என்று குழு விவாதித்துக்கொண்டிருந்தபோதே, அலுவலகக் கிளார்க்கம்மா யாரையும் கேட்காமல் இரண்டு தெரு தள்ளிப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

விழா நாள் காலையில் மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் அக்கா மிஷினோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தம்பிக்கு உயிரே போய்விட்டது. கதைப் பயிற்சியாளரிடம் ஓடினான். கதையை மாற்ற வேண்டும் என்றான். திரையில் காட்டும் படங்களையெல்லாம் நேற்றே இறுதி செய்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். மேடை ஏறமாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, நீ உள்ளேயே இரு. வெளியில வராத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் மேல் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைக் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கோலத்தில நான் எங்கடா வரப்போறேன்? பெரிய மனுஷங்க வர்ற இடம். நீ போய் நல்லாப் பேசு," என்றாள். அவன் அங்கியைப் பிடித்து இழுத்து, "ஒரு இஞ்ச் நீளமா இருக்கு, நில்லு" என்று குனிந்து மடித்துக் குத்தியும் விட்டாள்.

மேடையில் அவன் நன்றாகத்தான் பேசினான். அதுதான் கொடுமை. பின்னால் திரையில் அக்கா கடையின் பலகை பெரிதாகத் தெரிந்தது. 'ஜிப்பு, பட்டன், நீளம் குறைத்தல்.' பயிற்சியாளர் அதைச் சாம்பல் நிறமாக்கி, மூலையில் ஒரு விரிசலும் போட்டிருந்தார்.

"எங்க குடும்பக் கடை இது. இப்போ மூடியாச்சு," என்றான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "நடத்தினவங்க நாலு தப்புப் பண்ணினாங்க. ஒண்ணு, பட்டனுக்குக் கூலி வாங்கல. சின்ன வேலைதானேன்னு விட்டுட்டாங்க."

கைதட்டினார்கள்.

"ரெண்டு, வாடிக்கையாளரைப் பத்தின தகவல் எதுவும் சேகரிக்கல. முகத்தைப் பார்த்தே அளவு சொல்லிடுவாங்க. மூணு, யாரும் வாங்க வராத துணியை எட்டு வருஷம் காப்பாத்தி வச்சாங்க."

கூட்டம் சிரித்தது. ஒரு முதலீட்டாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பிக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. ஒரு நொடிதான், ஆனாலும் பிடித்திருந்தது. பிற்பாடு அவனை அதிகமாகச் சுட்டது இந்த ஒரு நொடிதான்.

"நாலு, கடையை வளர்க்கல. தம்பி ஒருத்தனைத்தான் வளர்த்தாங்க."

இந்த நாலாவது தவறைப் பயிற்சியாளரே எழுதிக் கொடுத்திருந்தார். அரங்கமே எழுந்து நின்றது. மணி அடித்தார்கள். திரும்பினால், ஓரத் திரைக்கு அருகில் கையில் கடைசி அங்கியோடு அக்கா நின்றிருந்தாள். உதடுகளுக்கு நடுவே நாலு குண்டூசிகள் இருந்தன. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தோற்ற தொழில்களுக்கான சுவரில் பதிக்கப்போகும் பித்தளைத் தகட்டைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் மேடையேறினார். அவர் அங்கியும் சராசரி அளவுதான், அவரோ சராசரிக்கு ஒரு சாண் கம்மி. மூன்றாவது படியில் அங்கியை மிதித்தார். பர்ரென்று ஒரு சத்தம். தகட்டை விடாமல், மைக்கையும் விடாமல், "தையல்காரங்க யாராவது இருக்காங்களா?" என்றார். கிளார்க்கம்மா அக்காவை முன்னால் தள்ளிவிட்டாள்.

அக்கா மேடைக்கு வந்து இயக்குநரின் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திவிட்டு, கிழிசலைத் தைக்கத் தொடங்கினாள். அவர் பாட்டுக்கு விழுந்து எழுவதன் மகத்துவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தகடு அவர் இடுப்பு உயரத்தில், அவள் முகத்துக்கு நேராக இருந்தது. கடையின் பெயர், தொடங்கிய வருஷம், மூடிய தேதி. அவள் கை ஒரு நொடி நின்றது, தேதியில்தான் நின்றிருக்க வேண்டும். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பிரமாதம்!" என்றார் இயக்குநர், குனிந்து பார்த்து. "இவ்வளவு சுத்தமா வேலை பண்றீங்களே, உங்க கடை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டு மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

நானூறு பேர் காத்திருந்தார்கள். தம்பி தரையைப் பார்த்தான். சொல்லிவிடட்டும் என்று அவனுக்குள் ஒன்று வேண்டிக்கொண்டது. சொல்லிவிடக் கூடாதே என்று அதைவிடச் சத்தமாக இன்னொன்று வேண்டிக்கொண்டது.

"கடை இல்லைங்க," என்றாள் அக்கா. "மூடியாச்சு."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்படியா! வாழ்த்துகள்மா!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா, நம்மைச் சுத்தி எவ்வளவு தோல்வி இருக்கு, நமக்குத்தான் கண்ணில படல!" கூட்டம் மறுபடியும் கைதட்டியது. அக்கா தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மிஷினை அவன் தூக்கிக்கொண்டான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன்டா, அந்தத் தேதியைத்தான் போடணுமா?"

அவன் மிஷினைத் தோள் மாற்றிக்கொண்டான்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகக் கிளார்க்கம்மா ஒரு பேண்டோடு வந்து நின்றாள். தம்பி உள்ளே கம்பிக்குப் பின்னால் இருந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஏங்க, நேத்து மேடையில கடை மூடியாச்சுன்னு சொன்னீங்களே. நான் பதறிட்டேன்."

"நேத்து சொன்னது தம்பிக்காக. உங்களுக்கு என்ன பண்ணணும்? நீளம் குறைக்கணுமா?"

அவ்வளவுதான் பேச்சு. மிஷின் ஓடத் தொடங்கியது. தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பின்வாசல் வழியாக இறங்கி நேரே கல்லூரிக்கு நடந்தான். இயக்குநர் அறையில் உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். கடை மூடல. இப்போகூடத் திறந்துதான் இருக்கு. நேத்து உங்க கவுனைத் தைச்சவங்கதான் எங்க அக்கா. எனக்குப் பட்டம் வேண்டாம் சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண்கள் மெல்லக் கலங்கின.

"அப்போ நீங்க தோல்வியிலயே தோத்துட்டீங்க," என்றார்.

"சார்?"

"இருபத்தாறு வருஷ அனுபவத்தில இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல தம்பி. தோத்துப்போறது எல்லாரும் பண்றதுதான். தோல்வியையே ஒருத்தன் கோட்டை விடறதுன்னா..." குரல் தழுதழுத்தது. மணியடித்து உடன்பயணிகளை வரவழைத்தார். அங்கேயே, நின்ற நிலையில், எட்டுப் புள்ளி கூட்டிக் கொடுத்தார்கள். மூணுதரத்தை மிஞ்சி அவனே முதல் என்று ஆயிற்று.

"திட்டுங்க சார்," என்றான் தம்பி. கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது குரல்.

"அது நம்ம பாடத்திட்டத்திலயே கிடையாதே," என்றார் இயக்குநர், நிஜமாகவே வருத்தப்பட்டு. தகட்டில் தகவல் பிழை இருப்பதால் பெரியதாகப் புதுத் தகடு செய்யப் போவதாகவும், அடுத்த ஆண்டு விழாவில் அக்கா வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றும் சொன்னார். "தலைப்பு நாங்களே கொடுத்துடறோம். மூடாமல் போன கடை." பழைய தகட்டை நினைவுப் பரிசாக அவன் கையில் கொடுத்தார்கள். வெளியே வரும்போது வராந்தாவில் நின்றவர்களெல்லாம் அவனுக்காகக் கைதட்டினார்கள். அவன் தகட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஓடினான்.

கடையில் அக்கா கிளார்க்கம்மாவின் பேண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் தகட்டை மேஜைமேல் வைத்தான். நடந்ததைச் சொன்னான், எட்டுப் புள்ளியையும் சேர்த்து. மேடையில் கூட்டம் சிரித்தபோது அந்தச் சிரிப்பு தனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட்டான். கல்லூரியில் ஒருவரும் கேட்காத விஷயம் அது. சொல்லும்போது முகமெல்லாம் எரிந்தது.

அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு தகட்டை எடுத்து ஒரு துணியால் துடைத்தாள். மேஜையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினாள். பித்தளையில் குண்டூசி இறங்காதே என்று திருகாணித் துளையில் நூலைக் கோத்து, சீட்டைக் கட்டினாள். எழுந்து பின்பக்கக் கம்பிக்குப் போய், எட்டு வருஷக் கோட்டுக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டாள்.

அவன் போய்ப் படித்தான். யாருது என்ற இடத்தில் 'தம்பி' என்று இருந்தது. என்ன பழுது என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. கீழே, 'அவசரமில்லை.'

"அதைத் தூக்கி எறிஞ்சிடுக்கா," என்றான்.

"அடுத்தவங்க பொருளை நான் எப்படிடா எறியறது?" அக்கா மிஷினில் உட்கார்ந்து அடுத்த துணியை இழுத்துக்கொண்டாள். அவனைப் பார்க்கவில்லை. "இருக்கட்டும். வாங்கிக்க வருவான்."